கட்டளை வரியின் ஆளிகள்: கணனி விளையாட்டுப் பொறியில் உழைப்பும் உடைமையும்

கணனி விளையாட்டினைப் பண்பாட்டுப் பொருளாகக் கொண்டு ஆராய முற்படுவோர் பெரும்பாலும் திரையிலே தோன்றுவதனையே ஆய்வுப் பொருளாகக் கொள்வர். கதையமைப்பு, பாத்திரவார்ப்பு, வன்முறைச் சித்திரிப்பு என்பனவே அவர்தம் கவனத்தை ஈர்ப்பன. இவை ஆராயத்தக்கவையல்ல என்று எவரும் கூறார். ஆயின் சந்தையின் ஆரவாரத்தை விட்டு உற்பத்தி நடைபெறும் பட்டறையினுள் நுழைந்து பார்க்குமாறு 'மூலதனம்' முதலாம் பாகத்திலே மார்க்ஸ் எம்மை அழைத்துச் சென்றது போல, திரை ஒளிபெறுவதற்கு முந்திய கணத்திற்குச் செல்வோமாயின் வேறொரு காட்சியினைக் காணலாம். அக்கணத்திலே, எஞ்சின் எனப்படும் விளையாட்டுப் பொறியின் பெயருக்குப் பின்னால் எழுதப்படும் சில சொற்கள், விளையாட்டு எவ்வாறு பிறத்தல் வேண்டும் என்பதனைத் தீர்மானிக்கின்றன. கட்டளை வரி ஆளிகள் என நாம் இங்கு குறிப்பிடுவது இவற்றையே. ஆளி என்பது மின்சுற்றைத் திறக்கவும் மூடவும் பயன்படுவது. இச்சொற்களும் அவ்வாறே தொழிற்படுகின்றன.

நிகழ்நிரலொன்றினை ஏவும்போதே அதற்குரிய நிபந்தனைகளையும் சேர்த்துக் கூறும் வழக்கம் விளையாட்டுக்களோடு தோன்றியதன்று. 1964இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த சிஸ்டம்/360 என்னும் பெருங்கணனியிலே வேலைக் கட்டுப்பாட்டு மொழி என ஒன்று வழங்கியது. நிரலை எழுதியவர் துளையட்டைக் கட்டினைக் கணனி இயக்குநரிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. அம்மொழியில் நிரலுக்கு நேரே சில சொற்களைக் கூற ஒதுக்கப்பட்ட இடம் 100 எழுத்துக்களுக்கே போதுமானது. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்திலே உருவாகிய யுனிக்ஸ் முறைமை இவ்வுறவினை நேரடியானதாக்கிற்று. விசைப்பலகையின் முன் அமர்ந்தவர் நிரலின் பெயரையும், அதன்பின் சிறுகோடொன்றினை முன்னிட்ட சொற்களையும் எழுதுவார். நிரல் அவற்றை வரிசையாகப் பெற்றுக்கொள்ளும். யுனிக்சுடன் வளர்ந்த சி மொழியில் ஒவ்வொரு நிரலும் இச்சொற்களின் எண்ணிக்கையையும் பட்டியலையும் கையேற்றே தொடங்குகிறது. அலுவலகத்திலும் ஆய்வுகூடத்திலும் பிறந்த இவ்வழக்கம் விளையாட்டினுள் புகுந்தபோது அதன் சமூகப் பொருள் மாறியது. இம்மாற்றத்தை ஆராய்வதற்கு ஐடி சொஃப்ட்வெயர் நிறுவனத்தின் டூம் மிகப் பொருத்தமான சான்றாகும்.

டூம் 1993 டிசம்பர் 10ஆந் திகதி வெளிவந்தது. அதன் மூலநிரலை 1997 டிசம்பர் 23ஆந் திகதி அந்நிறுவனமே வெளியிட்டமையால், பொறியின் உள்ளமைப்பினை ஊகத்தாலன்றி மூலபாடத்தைப் படித்தே அறியும் வாய்ப்பு எமக்குண்டு. ஆளிகளைத் தேடும் பகுதி வியக்கத்தக்க எளிமையுடையது. குறித்த சொல் பட்டியலில் உண்டா என முதலிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிடுவதும், உண்டாயின் அது எத்தனையாவது இடத்தில் உள்ளது என அறிவிப்பதுமே அதன் வேலை. சொல் இல்லையாயின் விடை சுழியம். பொறியின் எப்பகுதியும், தன் வேலையைத் தொடங்குமுன் இவ்வினாவினை எழுப்பலாம். பொறிக்குத் தெரியாத சொல்லொன்றினை எழுதினால் பிழை சுட்டப்படுவதில்லை. அச்சொல்லை எவரும் கேளாதபடியால் அது அப்படியே கிடந்துவிடும். எம்.எஸ்.டொஸ் முறைமையில் கட்டளை வரியின் நீளம் ஏறத்தாழ 127 எழுத்துக்களுக்கு மட்டுப்பட்டிருந்தது. அதனை மீறுவதற்காக, ஆளிகளையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி, அக்கோப்பின் பெயரை மட்டும் '@' குறியுடன் வரியில் இடும் வசதியும் செய்யப்பட்டிருந்தது. டொஸ் உலகிலே நிபந்தனைச் சொற்களுக்கு முன் சாய்கோடிடுவதே பெருவழக்கு. டூம் சிறுகோட்டினைக் கையாண்டதற்கு, அது யுனிக்ஸ் மரபில் வந்த நெக்ஸ்ற் கணனிகளிலே உருவாக்கப்பட்டமை காரணமாகலாம்.

பட்டறையின் தடயங்கள் இவ்வாளிகளிலே வேறு வகையாலும் பதிந்துள்ளன. '-டெவ்பார்ம்' என்பது ஆக்குநருக்குரிய நிலையைத் தொடக்கிவைப்பது. '-எஸ்எச்டெவ்', '-ரெக்டெவ்', '-கொம்டெவ்' என்னும் மூன்றும், இலவசப் பதிப்பு, பதிவுசெய்த பதிப்பு, வர்த்தகப் பதிப்பு ஆகியவற்றிற்கான தரவுகளை ஆக்குநரின் சொந்தக் கோப்புறைகளிலிருந்தே எடுப்பதற்கானவை. வாங்குவோருக்கு இவற்றால் யாதொரு பயனுமில்லை. '-வாப்' குறித்த கட்டத்திற்கு நேரே செல்வதற்கு. '-நோமொன்ஸ்ரர்ஸ்' அரக்கர்களின்றி வெறுங்கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பதற்கு. கட்டமொன்றை அமைத்துக்கொண்டிருப்பவர் ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து ஆடிவர முடியாதல்லவா? கட்டடம் எழுந்த பின்னரும் அகற்றப்படாத சாரமரங்களாக இவற்றைக் கொள்ளலாம். உழைப்பாளர் தம் வேலைக்கென ஆக்கிக்கொண்ட கருவி, விற்பனைப் பண்டத்தினுள்ளேயே எஞ்சி, வாங்கியவர் கைக்கும் சென்றுவிட்டது. பண்டமானது தன்னை ஆக்கிய உழைப்பினை மறைத்தே சந்தைக்கு வரும் என்பது பொதுவிதி. இங்கு அம்மறைப்பு முழுமை பெறவில்லை.

கருவி கைமாறியவிடத்துப் பயனும் மாறுகிறது. '-ரெக்கோர்ட்' என்னும் ஆளி ஆட்டமொன்றினைப் பதிவுசெய்யும். பதிவாவது படமன்று. டூம் ஒரு செக்கனை 35 கூறுகளாகப் பகுத்து இயங்குவது. ஒவ்வொரு கூறிலும் ஆடுபவர் முன்பின் நகர்ந்தமை, பக்கம் நகர்ந்தமை, திரும்பிய கோணம், அழுத்திய விசை ஆகியவற்றை 4 பைற்றுகளில் எழுதிவைத்தல் மட்டுமே நிகழ்கிறது. பின்னர் '-பிளேடெமோ' அச்சிறு குறிப்புக்களைப் பொறிக்கு மீண்டும் ஊட்ட, அதே ஆட்டம் மறுபடியும் நிகழும். இதற்கென ஒதுக்கப்பட்ட இடம் 131,072 பைற்றுகள். ஒருவர் மட்டும் ஆடினால் 15 நிமிடம் 36 செக்கனுக்குப் போதும். அதனைக் கூட்டுவதற்கும் ஓர் ஆளி உண்டு. ஆட்டத்தை எவர் விரைந்து முடிப்பர் என்னும் போட்டி மரபு இச்சிறு கோப்புக்களைப் பரிமாறியே வளர்ந்தது. '-ரைம்டெமோ' என்பது பதிவினை இயன்ற வேகத்திலே ஓடவிட்டு, ஆட்டக் கூறுகளின் தொகையையும் உண்மையிற் கழிந்த நேரத்தையும் அறிவிப்பது. ஆக்குநர் தம் நிரலின் திறனை அறியப் பயன்படும் இதனை, பிறர் தாம் வாங்கிய கணனியின் திறனை அளக்கும் அளவுகோலாக்கினர்.

இவ்விடத்து இரு சிறு ஆளிகளைக் குறிப்பிடாது செல்ல மனம் வரவில்லை. '-ரேர்போ' ஆடுபவரின் வேகத்தைக் கூட்டுவது. எண் குறிக்காவிடின் 200 வீதம். கீழெல்லை 10, மேலெல்லை 400. பலர் சேர்ந்தாடும்போது ஒருவர் இதனை இரகசியமாகப் பயன்படுத்தினால், அவர் வேகம் கூட்டப்பட்டவர் என்னும் செய்தி மற்றவர் திரைகளிலே தோன்றிவிடும். தனியாளின் சுதந்திரத்தைத் தடைசெய்யாது, அதனைக் கூட்டத்தின் அறிவுக்கு உட்படுத்துகின்ற ஏற்பாடு இது. மற்றையது '-ஏவிஜி'. போட்டி ஆட்டத்தின் ஒவ்வொரு கட்டமும் 20 நிமிடத்தில் முடிவுறும் என்று, ஒஸ்ரின் வேர்ச்சுவல் கேமிங் என்ற பெயருடன் பொறி அறிவிக்கும். நிமிடங்களை எண்ணி ஆட்டத்தை முடித்துவைக்கும் வேலைக்கு '-ரைமர்' என்னும் பொது ஆளி ஏற்கெனவே உண்டு. அவ்வாறிருக்க, ஒரு பெயருக்கென்று தனியான ஆளி அமைந்தமை வாடிக்கையாளரின் தேவை பொறியின் மூலபாடத்தினுள்ளேயே எழுதப்படுவதற்கு எடுத்துக்காட்டாகும்.

இனி எமது முதன்மைப் பொருளுக்கு வருவோம். டூமின் கட்டங்கள், உருவங்கள், ஒலிகள் யாவும் பொறியினின்றும் பிரிக்கப்பட்டு வாட் எனப்படும் தரவுக்கோப்பிலே தொகுக்கப்பட்டிருந்தன. '-ஃபைல்' என்னும் ஆளிக்குப் பின் வேறொரு வாட் கோப்பின் பெயரை எழுதினால், பொறி அதனையும் மூலக்கோப்புடன் சேர்த்து வாசிக்கும். பெயரொன்றைத் தேடும்போது பட்டியலின் இறுதியிலிருந்து முன்னோக்கியே தேடும். ஆகவே, பின்னர் வந்த கோப்பில் அதே பெயருடைய உறுப்பு இருக்குமாயின் அதுவே செல்லுபடியாகும். மூலமோ அழியாது கிடக்கும். சுவடிப் பதிப்பினை அறிந்த எமக்கு இதன் சிறப்பு எளிதிற் புலப்படும். ஏட்டினைப் பெயர்த்தெழுதியோர் செய்த இடைச்செருகல் மூலபாடத்தோடு கலந்துவிடுவது. பின்வந்த பதிப்பாசிரியர் அதனைப் பிரித்தெடுப்பதற்குப் படும்பாடு பெரிது. 1992இல் வெளிவந்த வூல்ஃபென்ஸ்ரைன் 3டி விளையாட்டினை மாற்ற விரும்பியோர் அதன் மூலக்கோப்புக்களின் மீதே கைவைக்க நேர்ந்தது. டூமிலே மாற்றம் மூலத்தின் மேல் விரிக்கப்பட்ட மெல்லிய தாளாயிற்று. ஆளியை நீக்கினால் தாளும் நீங்கும்.

இவ்வசதியை வழங்குவதில் நிறுவனத்தினுள்ளேயே கருத்து வேற்றுமை நிலவியது என்பது டேவிட் குஷ்னர் 2003இல் வெளியிட்ட நூலால் அறியப்படும். நிரலாளரான ஜோன் கார்மக், ஜோன் ரொமேரோ ஆகியோர் கதவு திறந்திருத்தலை விரும்பினர். வர்த்தக நலனை எண்ணியோர் தயங்கினர். இறுதியிலே எட்டப்பட்ட சமரசத்தினை மூலநிரலிலே கண்ணாரக் காணலாம். டூமின் 27 கட்டங்களில் முதல் 9 கட்டங்கள் எவரும் பிரதியெடுத்துப் பரப்பத்தக்க இலவசப் பதிப்பாக வெளிவந்தன. எஞ்சியவை பணம் செலுத்திப் பெறவேண்டியவை. '-ஃபைல்' ஆளியைப் பொறி ஏற்றுக்கொண்ட உடனேயே, ஆடுபவரிடம் உள்ளது இலவசப் பதிப்பா என வினவுகிறது. ஆமெனில், அப்பதிப்புடன் இவ்வாளியைப் பயன்படுத்தவியலாது, பதிவுசெய்க என்று கூறி நின்றுவிடுகிறது. பெயரை மட்டும் மாற்றிய போலிக் கோப்பாயின் அதனையும் கண்டுகொள்வதற்காக, பணம் செலுத்திய பதிப்பிலே மட்டும் உள்ள உறுப்புக்கள் இருக்கின்றனவா என்று தேடுகிறது. இத்தனையும் கடந்து உள்ளே சென்றவருக்கு, இது மாற்றப்பட்ட விளையாட்டு, இதற்கு நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவி கிடையாது என்னும் அறிவித்தல் காத்திருக்கும். கதவு, வேலி, பொறுப்புத் துறப்பு ஆகிய மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. உடைமை உறவானது சட்டப் புத்தகத்தில் மாத்திரமன்றிக் கருவியின் அமைப்பிலேயே எழுதப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1996இல் வெளிவந்த குவேக் இவ்வமைப்பினை மேலும் வளர்த்தது. இங்கு ஆளிகள் இருவகைப்பட்டன. கழித்தற்குறி பெற்றவை பொறி எழும்போதே அறியவேண்டியவை: எவ்வளவு நினைவகத்தை எடுத்துக்கொள்வது, திரையின் அகல உயரங்கள் யாவை, ஆடுபவரில்லாத சேவையகமாக மட்டும் இயங்குவதா என்பன அவை. கூட்டற்குறி பெற்றவை, பொறி விழித்தெழுந்த பின்னர் தன் உட்கட்டளை மேடையிலே தானாக எழுதிக்கொள்ளும் கட்டளைகள். '+மேப்' என்றெழுதிக் கட்டத்தின் பெயரைக் கூறுதல் இவ்வகை. '-சேஃப்' என்னும் ஆளி சுவையானது. அதனை எழுதினால் பொறி தன் பட்டியலிலே வேறு ஏழு ஆளிகளைத் தானே சேர்த்துக்கொண்டு, ஒலி, சுட்டி, வலையமைப்பு முதலியவற்றையெல்லாம் துறந்து, மிகக் குறைந்த வசதிகளுடன் எழும். '-கேம்' என்னும் ஆளியோ தனிக் கோப்பினையன்றி ஒரு கோப்புறை முழுவதனையும் மூலத்தின் மேல் அடுக்குவது. குவேக்-சி என்னும் மொழியிலே விளையாட்டின் விதிகளையே திருத்தியெழுதும் வாய்ப்பும் வழங்கப்பட்டமையால், '-கேம்' ஆளியால் முற்றிலும் புதிய விளையாட்டொன்றினை ஏவ முடிந்தது. வேலி மட்டும் அப்படியே இருந்தது. மாற்றப்பட்ட விளையாட்டுக்குப் பதிவுசெய்த பதிப்பு வேண்டும் என்று குவேக்கும் கூறி நின்றுவிடும்.

இக்கதவினூடாக நுழைந்தோரின் வரலாறு அறியப்பட்டதே. 1996இல் அவுஸ்திரேலிய இளைஞர் மூவர் குவேக்கின் மேல் ரீம் ஃபோர்ட்ரெஸ் என்னும் விளையாட்டினை ஆக்கினர். அவர்களுள் ரொபின் வோக்கர், ஜோன் குக் இருவரையும் வால்வ் நிறுவனம் 1998இல் வேலைக்கமர்த்தியது. அந்நிறுவனம் குவேக் பொறியினை உரிமம்பெற்றுத் திருத்தியமைத்து, அதே ஆண்டு நவம்பரில் ஹாஃப்-லைஃப் விளையாட்டினை வெளியிட்டது. பொறியோடு '-கேம்' ஆளியும் கைமாறிற்று. 1999இல், மாணவராயிருந்த மின் லே என்பவரும் ஜெஸ் கிளிஃப் என்பவரும் அதன் மேல் கவுன்ரர்-ஸ்ரைக் விளையாட்டினை ஆக்கி இலவசமாக வெளியிட்டனர். பொறியின் நோக்கில் அது '-கேம்' ஆளிக்குப் பின் வரும் ஒரு கோப்புறையின் பெயர் மட்டுமே. 2000ஆம் ஆண்டில் வால்வ் அதனை வாங்கிச் சந்தைக்குக் கொணர்ந்தது. இதற்கு முன்னரே, 1995 நவம்பரில், ரீம்ரிஎன்ரி என்னும் குழுவினர் இலவசமாக வெளியிடுவதாக அறிவித்திருந்த 32 டூம் கட்டங்களை, வெளியிடவேண்டிய வேளையிலே ஐடி நிறுவனம் வாங்கிக்கொண்டது. அவை 1996இல் ஃபைனல் டூம் என்னும் பண்டத்தின் பாதியாயின. இலவசமாகக் கிடைக்குமென எதிர்பார்த்திருந்தோர் சினந்தமை இயல்பே.

ஊதியமின்றி உழைப்போர் பற்றி ஜூலியன் குக்லிக் 2005இல் எழுதிய கட்டுரை, விளையாட்டையும் உழைப்பையும் குறிக்கும் இரு ஆங்கிலச் சொற்களை ஒட்டிப் புதுச்சொல்லொன்றினை ஆக்கியது. ஓய்வுநேர இன்பமாகத் தோன்றுவது நிறுவனங்களுக்குக் கூலியற்ற உழைப்பாகப் பயன்படுகிறது என்பது அதன் சாரம். இதனை மறுப்பதற்கில்லை. ஆயின், சுரண்டல் என்னும் சொல்லை இங்கு அவசரமாகக் கையாள்வது ஆய்வுக்கு உதவாது. கூலிக்கு உழைப்பை விற்றவரிடமிருந்து உபரிப் பெறுமதியைப் பெறுவது வேறு, இது வேறு. இவ்வாக்குநரை எவரும் வேலைக்கமர்த்தவில்லை, வேலைநேரம் விதிக்கவுமில்லை. நிலவாடகை பற்றி மார்க்ஸ் கூறியவையே இங்கு கூடிய விளக்கம் தருவன என எண்ணுகிறேன். குத்தகைக்காரன் தன் உழைப்பையும் முதலையும் இட்டு நிலத்தைத் திருத்துகிறான். குத்தகைக்காலம் முடிய அத்திருத்தம் நிலத்தோடு சேர்ந்து நிலக்கிழாரின் உடைமையாகிறது என்று 'மூலதனம்' மூன்றாம் பாகம் காட்டும். அயர்லாந்துக் குத்தகை விவசாயிகளின் நிலையை 1853லேயே பத்திரிகைக் கட்டுரையொன்றில் அவர் இவ்வாறு விளக்கியிருந்தார். பொறியும் அதன் மூலத்தரவும் நிலம். '-ஃபைல்', '-கேம்' என்பன அந்நிலத்தினுள் செல்லும் படலைகள். உள்ளே எழுப்பப்படும் எக்கட்டடமும் நிலமின்றி நில்லாது. அக்கட்டடத்தைக் காண விரும்பும் ஒவ்வொருவரும் முதலில் நிலக்கிழாருக்குப் பணம் செலுத்தவேண்டும். கவுன்ரர்-ஸ்ரைக் இலவசமாயிருந்த காலத்தும், அதனை ஆட விரும்பியவர் ஹாஃப்-லைஃப் பிரதியொன்றினை வாங்கியே தீரவேண்டியிருந்தது. ஆக்கியோர் விற்காதபோதும் உடையோர் விற்றனர்.

ஒப்புமைக்கு எல்லையுண்டு. நிலம் ஒருவர் உழும்போது இன்னொருவர் உழ இடந்தராது; மென்பொருளோ பிரதியெடுக்கப் பிரதியெடுக்கப் பெருகுவது. இவ்வேறுபாடே வேலியை நிரலினுள் செயற்கையாக எழுதவேண்டிய தேவையைத் தோற்றுவித்தது. மேலும், அயர்லாந்து விவசாயிக்கு நிலத்தைத் திறந்துவிட்ட சட்டம் கிடைக்குமுன் நெடுங்காலம் சென்றது. இங்கோ ஐடி நிறுவனம் டூம், குவேக் ஆகிய இரண்டின் மூலநிரல்களையும் 1999இல் பொதுமக்கள் உரிமத்தின்கீழ் விடுவித்தது. விடுபட்டது பொறி, தரவுக்கோப்புக்கள் விடுபடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

அதன்பின் வந்த காலத்தில் கட்டளை வரி சாதாரண பயனாளர் பார்வையிலிருந்து ஒதுங்கியது. விளையாட்டு வீட்டுப் பெட்டிகளில் அது கிடையவே கிடையாது. வால்வ் நிறுவனம் 2003இல் தொடக்கிய ஸ்ரீம் விநியோகத் தளத்தில், ஒவ்வொரு விளையாட்டின் பண்புகளையும் காட்டும் சாளரத்தினுள் சிறு பெட்டியொன்றாக அது எஞ்சியுள்ளது. அங்கே எழுதத்தக்கவற்றுள் '-நோவிட்' தொடக்கத்தில் வரும் நிறுவனச் சின்னப் படத்தைத் தவிர்ப்பதற்கு. பலர் இவ்வொன்றினை மட்டுமே அறிவர். '-இன்செக்கியூர்' என்பதை எழுதினால் ஏமாற்றுத் தடுப்புக் காவல் இன்றி விளையாட்டு எழும். ஆனால் காவலுள்ள எந்தச் சேவையகத்திலும் சேர முடியாது. முன்னர் வேலி, கதவைத் திறக்குமுன் பணம் கேட்டது. இவ்வாளி கதவைத் திறந்துவிட்டுத் தெருவுக்குச் செல்லும் வழியை அடைக்கிறது. சேர்ந்தாடுதலே விளையாட்டின் பயனாகிவிட்ட நிலையில் இதுவே வலிய வேலி.

டூமின் பழைய படலை இன்றும் திறந்தே கிடக்கிறது. விடுபட்ட மூலநிரலிலிருந்து பலர் வளர்த்தெடுத்த பொறிகள் யாவும் '-ஃபைல்' ஆளியைப் பேணிவந்துள்ளன. டூமை ஆக்கியோருள் ஒருவரான ரொமேரோ 1996இலேயே ஐடி நிறுவனத்தை விட்டு நீங்கியவர். அந்நிறுவனம் 2009இல் ஸெனிமக்ஸ் வசமும், ஸெனிமக்ஸ் 2021இல் மைக்ரோசொஃப்ட் வசமும் சென்றன. 2019 மே 31ஆந் திகதி ரொமேரோ, சிஜில் என்ற பெயரில் ஒன்பது புதிய கட்டங்களை இலவசமாக வெளியிட்டார். அது தனித்து நிற்கும் விளையாட்டன்று. மேலடுக்காக வரும் ஒரு வாட் கோப்பு. அதனை ஆடுவதற்கு, பணம் செலுத்திப் பெற்ற டூமின் மூலத்தரவுக்கோப்பு வேண்டும். பொறியின் பெயருக்குப் பின்னால் '-ஃபைல்' என்றெழுதி அதன் பெயரை இடவேண்டும்.